எடை பார்ப்பதற்கு முந்தின நாள்

மல்யுத்தக் கூடத்தில் மெத்தை விரித்திருக்கும் இடத்துக்குச் செருப்போடு யாரும் வரமாட்டார்கள். பெருக்க வருகிற அம்மாகூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் துடைப்பத்தைக் கையில் எடுப்பாள். அன்று விளையாட்டுத் துறை இயக்குநர் பாலிஷ் போட்ட ஷூவோடு மெத்தையின் நட்டநடுவில் வந்து நின்றார். அணிக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்ததுமே சுள்ளிக்குப் புரிந்துவிட்டது. ஷூவைப் பார்த்துவிட்டும் மாஸ்டர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய சேதியை மனிதர் ஏற்கெனவே கேட்டு முடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் இயக்குநர். எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

பல்கலைக்கழகம் ஒரு கஷ்டமான முடிவை எடுத்திருக்கிறது, எல்லோருக்கும் வருத்தம்தான், ஆனாலும் வருங்காலத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். அடுத்த வருடத்திலிருந்து மல்யுத்த அணி கிடையாது. ஜிம்னாஸ்டிக்ஸ் கிடையாது. டைவிங்கும் கிடையாது.

"கால்பந்து சார்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அது வேற விஷயம்."

"ஆமா சார், அதுக்கு இப்பதானே புது லைட்டெல்லாம் போட்டீங்க. அணைச்சா நல்லா இருக்காது."

சிரிப்பு வந்தது. இயக்குநரும் சேர்ந்து சிரித்தார். அந்த நல்ல நேரத்தைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு குறையும் வராது, யாரும் பயப்பட வேண்டாம்" என்றார். கூடத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சு அடங்குவதற்குள், "ஏதாவது ஒரு அணியில உங்க பேர் இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் போன பிறகு மாஸ்டர் ஈரத்துணியை எடுத்து மெத்தையில் ஷூ பட்ட இடத்தைத் துடைத்தார். அவருக்கு மட்டும் வேலை போகவில்லை. கூடத்தை மற்ற மாணவர்கள் பணம் கட்டி வருகிற உடற்பயிற்சி நிலையமாக மாற்றப்போகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள அவர். அது அன்று யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ ஒரே இடத்தையே வெகுநேரம் துடைத்தார்.

சுள்ளி என்பது அணியில் வைத்த பெயர். இருப்பதிலேயே குறைந்த எடைப் பிரிவில் ஆடுகிறவள் அவள். அவளுடைய ஜோடி மூட்டை. ஜோடி என்றால் தினமும் ஒருத்தியை ஒருத்தி தூக்கிப் போட்டுப் பழகுகிறவர்கள். மூட்டை ஒரு பிரிவு மேலே. பயிற்சியில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பார்வையாளர் படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியது சுள்ளியின் அன்றாடக் கடமை. அப்படி வந்த பெயர்தான் மூட்டை. இருவருக்கும் ஒரே விடுதி அறை, ஒரே சோப்பு டப்பா. மூட்டைக்கு அப்பா அம்மா இல்லை. விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போனால் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் பாதி விடுமுறைகள் சுள்ளியின் வீட்டில்தான் கழியும். சுள்ளியின் அம்மாவை அவளும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த அம்மா ஒரு பெரிய சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அப்பா கடைகளின் இரும்பு ஷட்டரைப் பழுது பார்ப்பவர். கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் அடக்கம். அது இல்லையென்றால் சுள்ளி படித்துக்கொண்டிருந்த பிசியோதெரபி பாதியில் நிற்கும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மறுநாளிலிருந்து வளாகத்தில் பெரிய வேடிக்கை. மல்யுத்தக்காரர்கள் ஒவ்வொரு அணியின் வாசலிலும் போய் நின்றார்கள். வாலிபாலில் உயரம் போதாது என்றார்கள். நீச்சலில், "மிதக்கவாவது தெரியுமா தம்பி?" என்று கேட்டார்கள். கழுத்தே இல்லாத கனத்த பையன் ஒருவனைக் கால்பந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆடுவதற்கு இல்லை, தண்ணீர் பாட்டில் கூடையைத் தூக்குவதற்கு. போன மாதம் பதக்கம் வாங்கியவன். "அணியில பேர் இருக்குல்ல" என்றான். மற்றவர்கள் அவனைக் கேலி செய்யவில்லை. பொறாமைப்பட்டார்கள்.

பெண்களுக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. குண்டெறியும் அணியில் ஒருத்தி தோள்பட்டைத் தசை கிழிந்து ஊருக்குப் போய்விட்டாள். அந்த அணியின் பயிற்சியாளர், எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் ஒரு கறாரான அம்மாள். சுள்ளியும் மூட்டையும் சேர்ந்தே போய்ப் பெயர் கொடுத்தார்கள்.

"ஒரு இடம்தான் இருக்கு, ரெண்டு பேர் வந்திருக்கீங்க" என்றார் மேடம்.

"நாங்க சண்டை போட்டே பழகினவங்க மேடம்" என்றாள் மூட்டை.

திரும்பி வரும் வழியில் சுள்ளி கேட்டாள்: "யாருக்குக் கெடைச்சாலும் மனசுல வச்சுக்கக் கூடாது. சரியா?"

"போடி. உனக்குக் கெடைச்சா நான் உன் கட்டிலுக்கு அடியில படுத்துக்கறேன். எனக்குக் கெடைச்சா நீ."

"அடியிலயா? நீ மேல படுத்தா கட்டில் ஒடைஞ்சு நான் செத்துருவேன்."

சனிக்கிழமை மதியம் மூட்டை சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்து சொன்னாள்: "மேடத்தப் பாத்தேன். திங்கக்கிழமை காலையில வரச் சொன்னாங்க. எடை பாப்பாங்களாம். அப்பறம் எறியச் சொல்வாங்களாம்."

சுள்ளி கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மல்யுத்தத்தில் இருந்தவர்களுக்கு அப்படித் தெரியாது. பள்ளி நாளிலிருந்து அவளுக்குத் தராசு என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். போட்டி நாள் காலையில் தராசில் ஏறும்போது முள் ஒரு நூல் தாண்டினாலும் ஆட்டம் கிடையாது. எதிராளியின் விரலைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் எடை பார்ப்பதற்கு முந்தின நாள் தின்பது கிடையாது, குடிப்பது கிடையாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு கயிறு தாண்டி, உடம்பில் உள்ள தண்ணீரையெல்லாம் வியர்வையாக வெளியே தள்ள வேண்டும். அணியை மூடுகிறார்கள் என்று கேட்டதிலிருந்து துக்கத்தில் கண்டதையும் தின்று அவள் உடம்பு வேறு ஏறியிருந்தது. இந்த லட்சணத்தில் புதிய பயிற்சியாளர் முன்னால் தராசில் ஏறுவதா? வாயைக் கட்டத் தெரியாதவள் என்று முதல் பார்வையிலேயே கை கழுவிவிடுவார்.

அன்று மாலை அம்மாவிடம் போனில் சொன்னாள்.

"நல்லா சாப்ட்டுத் தெம்பா போம்மா" என்றாள் அம்மா.

"எடை பாக்கறாங்கம்மா."

"ஐயோ, அப்படியா. அப்ப வேணாம், வாயக் கட்டு. நாளைக்குப் பூரா ஒண்ணும் தொடாத. ரொம்ப நாக்கு வறண்டா துணிய நனைச்சு உதட்டுல வச்சுக்கோ, முழுங்கிடாத. மூட்டை என்ன பண்றா? அவ சாப்ட்டாளா?"

அம்மாவுக்கும் தராசு என்றால் அதே அர்த்தம்தான். மகள் எடை இறக்கும் நாட்களில் அந்த வீட்டில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். வாசனை வரக்கூடாது என்று அப்பா கடையில் தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யாரும் இல்லை. பாதி மெத்தைகளைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். மீதி இருந்த மெத்தையில் சுள்ளி பிளாஸ்டிக் உடுப்போடு கயிறு தாண்டினாள். மூட்டை எதிரே உட்கார்ந்து எண்ணினாள். ஜோடி என்றால் அதுவும்தான்: ஒருத்தி எடை இறக்கும்போது மற்றவள் கூடவே இருந்து எண்ண வேண்டும், தூங்கவிடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும், விழுந்தால் தாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. எடை இறக்குகிறவள் கண்ணெதிரே தண்ணீர் குடிக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் அதை மீறியவளோடு அந்தக் கூடத்தில் ஒருத்தியும் ஜோடி சேர மாட்டாள். தாகம் எடுத்தால் எழுந்து வெளியே போய், குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும்.

மூட்டை அன்று பலமுறை எழுந்து வெளியே போனாள். ஒவ்வொரு முறையும் உதட்டைத் துடைத்துக்கொண்டுதான் வந்தாள்.

"நீ எடை இறக்கலையா?" என்று நடுவில் சுள்ளி கேட்டாள். நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டு சொற்கள் உரசி உரசி வந்தன.

"என் உடம்பு அப்படியேதான்டி இருக்கு. நீதான் ஏறிட்ட."

அதுவும் உண்மைதான். சுள்ளி இன்னும் கொஞ்சம் தாண்டினாள். பிறகு கயிறு காலில் சிக்கி நின்றபோது ஏதோ தோன்றி, "குண்டு எறியறவங்கல்லாம் நல்லா பெரிய ஆளா இருக்காங்களேடி" என்றாள்.

மூட்டை எண்ணிக்கையை விடவில்லை. கயிறு நின்ற பிறகும் இரண்டு எண் சேர்த்து எண்ணினாள். அப்புறம், "நிக்காத, வேர்வை அடங்கிடும்" என்றாள்.

சுள்ளி மறுபடி தாண்டினாள். நமக்கென்று கூடவே உட்கார்ந்திருக்கிறாளே, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, என்று நெஞ்சு நெகிழ்ந்தது. அழலாம் போல இருந்தது. ஆனால் கண்ணில் விடுவதற்குக்கூட உடம்பில் தண்ணீர் இல்லை.

திங்கட்கிழமை காலை மைதானத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை வாசலில் தராசு வைத்திருந்தது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுள்ளி ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள். காதில் இருந்த பொட்டுத் தோட்டைக்கூடக் கழற்றி மூட்டையின் கையில் கொடுத்தாள். மூச்சை வெளியே விட்டுவிட்டுத் தராசில் ஏறினாள். முள் அழகாக, அவள் பிரிவுக்கும் கீழே போய் நின்றது. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மேடம் முள்ளைப் பார்த்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். வெடித்துப்போன உதட்டைப் பார்த்தார்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம். எடை இறக்கியிருக்கேன்."

"எதுக்கு?"

சுள்ளிக்குக் கேள்வி புரியவில்லை. "நீங்க எடை பாக்கறதா…"

"நான் சொல்லி அனுப்பினேனேம்மா. எனக்குக் கனம் வேணும், பெலத்த நான் ஏத்திக்கறேன், ரெண்டு பேரும் நல்லா தின்னுட்டுக் குடிச்சிட்டு வாங்கன்னு இவகிட்ட சொன்னேனே."

இவள் என்று அவர் காட்டிய திசையில் மூட்டை குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள்.

அடுத்து மூட்டை ஏறினாள். ஷூவோடு, ஜெர்கினோடு ஏறினாள். முள் அவள் பிரிவைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டிப் போனது. பனியனுக்குக் கீழே அவள் வயிறு பந்துபோல உப்பியிருந்தது. நேற்று வெளியே போய்ப் போய் எவ்வளவு, இன்று காலையில் எவ்வளவு குடித்திருப்பாள் என்று சுள்ளி கணக்குப் போடவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தது மட்டும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மரியாதைக்கு என்று நினைத்திருந்தாள்.

பிறகு எறிந்தார்கள். தன்னைவிடக் கனமானவளைத் தோளுக்கு மேல் தூக்கிச் சுழற்றி மல்லாத்துகிறவள் சுள்ளி. அன்று இரும்புக் குண்டைக் கழுத்தோரம் வைத்ததுமே முழங்கை கீழே சரிந்தது. தள்ளினாள். வேண்டாத விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விட்டதுபோல, குண்டு பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது. இரண்டாவது முறை கெண்டைக்கால் நரம்பு முறுக்கிக்கொண்டு அவளே விழுந்தாள். மூட்டையும் ஒன்றும் பிரமாதமாக எறியவில்லை. ஆனால் குண்டு கொஞ்ச தூரம் போனது. எறிந்துவிட்டு அவள் கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வெறும் தண்ணீர்.

மேடம் முட்டாள் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டார், சுள்ளியின் முகத்தையும் பார்த்தார். "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் மேடம் கேட்டுக்கொண்டிருப்பார் என்றும் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லிக் கெஞ்சும்படியான இடத்துக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியது மூட்டை மட்டும் இல்லையே என்று கோபம் வந்தது. ஷூவோடு மெத்தையில் ஏறியவனிடம் ஒரு சொல் பேசாத தன் வாய், இப்போது கொட்டகைக்குப் பின்னால் குனிந்து நிற்கிறவளைக் காட்டிக்கொடுக்கத் திறக்க வேண்டுமா?

"ஒரு நாள் குடுங்க மேடம். ஏத்திட்டு வரேன். எனக்கு ஏத்தவும் தெரியும்."

"சாயங்காலம் பேர் குடுக்கணும். டைரக்டர் ஆபீஸ்ல அவ்வளவுதான் டைம் குடுத்திருக்காங்க." எழுந்து நாற்காலியை மடக்கினார். "மொதல்ல போய்த் தண்ணி குடி. சின்னச் சின்ன வாயா குடி."

மூட்டை அன்று மாலையே குண்டெறியும் அணியின் விடுதிக்கு மாறிவிட்டாள். சுள்ளி வகுப்பில் இருந்த நேரம் பார்த்து வந்து சாமான்களை எடுத்துப் போயிருந்தாள். சோப்பு டப்பாவை மட்டும் விட்டுப் போயிருந்தாள். சுள்ளியின் தோடு ஜோடியாக அதன் மூடிமேல் இருந்தது. அதன் பிறகு வளாகத்தில் எதிரே வந்தால் இருவரில் ஒருத்திக்குக் கட்டாயம் வேறு வழியில் அவசர வேலை இருக்கும்.

பருவத் தேர்வு முடிந்தது. ஸ்காலர்ஷிப்பை முடித்துக்கொள்ளும் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சுள்ளி இயக்குநர் அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த எழுத்தர், "சமமா வாய்ப்புக் குடுத்தோமேம்மா, எடுத்துக்காம விட்டுட்டியே" என்று உச்சுக் கொட்டினார். அவர் மேல் தப்பில்லை. அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அறையைக் காலி செய்கிற அன்று, அப்பா யாரிடமோ இரவல் வாங்கிய வேனில் வருவதாக இருந்தது. சுள்ளி டிரங்குப் பெட்டியை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. மூட்டை. முகம் நன்றாகச் சதை போட்டிருந்தது.

"ஒரு பக்கம் பிடிக்கறேன்" என்றாள்.

"பிடி."

படியில் இறங்கினார்கள். தூக்கிப் பழகிய உடம்புகள். ஒன்று குனிந்தால் மற்றது தானாக நிமிர்ந்தது. முதல் மாடித் திருப்பத்தில் மூட்டை பெட்டியை இறக்கி வைத்தாள்.

"அக்கா வீட்டுக்கு என்னால போக முடியாதுடி. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"உனக்கு வீடாவது இருக்கு."

சுள்ளி பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"நான் பொய் சொல்லல. அவங்க சொன்னதுல பாதிய சொன்னேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டேனே. நீ எண்ணிக்கிட்டிருந்த."

மூட்டை கைப்பிடிச் சுவரை நகத்தால் சுரண்டினாள். அப்புறம்தான் வந்த விஷயம் வெளியே வந்தது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதடி."

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று சுள்ளி நினைத்திருந்தாள். மன்னிக்க மாட்டேன் என்று சொல்ல ஒரு வாக்கியத்தைக்கூட வாரக்கணக்கில் தயார் செய்து வைத்திருந்தாள். அதற்கு வேலையில்லாமல் போயிற்று.

"பாக்கலாம்" என்றாள்.

கீழே அப்பா வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மூட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாம்மா, எப்படி இருக்க? நீயாவது அங்க ஒட்டிக்கிட்டியே, எங்களுக்கு அது ஒரு நிம்மதி." வேனுக்குள் கையை விட்டு ஒரு பெரிய தூக்குப் பாத்திரத்தை எடுத்தார். "அம்மா உனக்குத் தனியா கட்டிக் குடுத்திருக்கா. சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுவியாம்."

மூட்டை கையை நீட்டவில்லை. பாத்திரம் அப்பாவின் கையிலேயே தொங்கியது.

"வாங்கிக்கோடி" என்றாள் சுள்ளி. "நல்லா சாப்பிடு. அங்க கனம்தானே கேக்கறாங்க."

அப்பா கடகடவென்று சிரித்தார். "ஏம்மா, போற நேரத்துலயும் அவளக் கிண்டல் பண்ற." மூட்டை பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கியபோது அவள் கண்ணில் இருந்ததைச் சுள்ளி பார்த்தாள். இது போதும் என்று தோன்றும் என நினைத்தாள். தோன்றவில்லை.

வேன் வெளியே வந்து பெரிய சாலையைப் பிடித்தது. அப்பா நிதானமாக ஓட்டினார். ஷட்டர் எண்ணெய் படிந்த விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன. ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் சுள்ளியே முந்திக்கொண்டாள்.

"அம்மா வேலை செய்யற எடத்துல ஆள் எடுக்கறாங்களாப்பா? கேட்டுப் பாக்கலாமா?"

"கேட்டாச்சும்மா. பரீட்சை முடிஞ்சதும் வரட்டும்னு சொல்லி எடம் வச்சிருக்காங்க. விரிப்பு மடிக்கிற பக்கம். இஸ்திரி சூடெல்லாம் இல்ல."

"எப்ப கேட்டீங்க?"

அப்பா கண்ணாடியைச் சரிசெய்தார். "அதான், உங்க டைரக்டர் வந்து மூடறோம்னு சொன்னாரே. அன்னைக்கே அம்மா போய்ச் சொல்லி வச்சுட்டா."

சாலையோரக் கடைகளின் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சுள்ளி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் எதுக்குப்பா அம்மா என்ன வாயக் கட்டச் சொன்னாங்க?"

அப்பா கியர் மாற்றினார். முன்னால் போன லாரியைத் தாண்டுவதா வேண்டாமா என்று எட்டி எட்டிப் பார்த்தார். தாண்டவில்லை.

"நீ ஆசப்பட்டியேம்மா" என்றார்.